எட்டு டின்னும் ஒரு மூக்கும்

எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு இரண்டு முறை பெயர் வைக்கப்படுகிறது. பிறந்த ஏழாம் நாள் வாப்பா வைப்பது முதலாவது. இரண்டாவதை, அவன் ஏதாவது பெரிய மடத்தனம் செய்யும் வரை பொறுமையாகக் காத்திருந்து ஊர் வைக்கும். முதல் பெயர் அடையாள அட்டையோடு சரி. எனக்கு முதல் பெயர் அன்சார். இரண்டாவது பெயர் ‘பிதூன் மாஸ்டர்’. கல்முனையில் இறங்கி அன்சார் மாஸ்டர் வீடு எது என்று கேட்டால், எந்த அன்சார் என்பார்கள். பிதூன் மாஸ்டர் என்று கேளுங்கள். ஓட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டு, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்.

அந்தப் பெயரை நான் சம்பாதித்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கும் நாலரைக்கும் இடையில்.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து ஒரு வருடம். மீசையைவிடக் கர்வம் அடர்த்தி. மீராலெவ்வைப் போடியாரின் மகள் ஜெஸீமாவை எனக்குப் பேசியிருந்தார்கள். (ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவரைத்தான் எங்கள் பக்கம் போடியார் என்போம். என் வாப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிளும் நல்ல பெயரும்.) நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி.

ஜெஸீமாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பஸ் நிலையத்தில், கடல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் மடிந்துபோன குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் குடையைத் தோற்கடித்து, யாராவது பார்த்தார்களா என்று அக்கம்பக்கம் நோட்டம் விட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்போடு என் கணக்கு முடிந்தது. இந்தக் கலியாணம் நடக்காவிட்டால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். (இருபத்தைந்து வயதில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் சாப்பிடாமல் இருந்து நினைத்தேன்.)

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஜாபிர் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்து சேர்ந்தான். பாடசாலையில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன். ரேடியோ கசெட், கறுப்புக் கண்ணாடி, பத்தடிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும் சென்ட் வாசனை எல்லாம் இருந்தன. வந்த மூன்றாம் நாள் என்னிடம் சொன்னான்:

“மச்சான், நிக்காஹ் முடிஞ்சா நீ போடியார்ர வூட்டு மனிசன். அங்க தும்முறதெண்டாலும் மாமிக்கிட்ட கேட்டுத்தான் தும்மணும். சொந்த வூட்டுல ஒரு நாள் சந்தோசமா இரிக்க வாணாமா?”

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. எங்கள் பகுதியில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். நான் போகப்போவது போடியார் வீட்டுக்கு. அங்கே பூனைகூட அனுமதி கேட்டுத்தான் கத்துமாம்.

“அதுக்கு என்னடா செய்யச் செல்லுறாய்?”

“எங்கட கேம்ப்புல லீவு நாளையில பார்ட்டி வைப்பாங்க. நாலஞ்சு விளையாட்டு இரிக்கி. தோக்கிறவன் குடிக்கணும்.”

“என்னத்த?”

ஜாபிர் பெட்டியைத் திறந்தான். பெட்ஷீட்டுக்கு அடியில் தங்க நிறத்தில் எட்டு டின்கள் படுத்திருந்தன. “பியர்” என்றான் மெதுவாக.

சவூதியில் மது தடை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டேன். “தடை செய்த ஊருலதான் மச்சான் நல்ல சாமான் கிடைக்கும்” என்றான். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

ஒவ்வொரு டின்னிலும் ஒரு பக்கம் அரபியில் எழுதியிருந்தது. மறுபக்கம் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மறைத்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “கொழும்புச் சுங்கத்துல இங்கிலீஷ வாசிச்சுப் புடிச்சிருவாங்க. அரபி அவங்களுக்கு வாசிக்கத் தெரியா” என்றான். இவன் மூளையே மூளை என்று வியந்தேன். அந்தப் பிளாஸ்டரை ஒருமுறை உரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் அதுவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. பயமாகத்தான் இருந்தது. பாவம் என்ற பயம் ஒரு பக்கம். யாராவது கண்டுவிட்டால் ஜெஸீமா இல்லை என்ற பயம் மறுபக்கம். ஜாபிர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவானே என்ற பயம் இவை இரண்டின் தலையிலும் ஏறிக் குந்திக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை வாப்பாவும் உம்மாவும் சம்மாந்துறைக்கு ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று நான் வீட்டில் நின்றேன். பார்ட்டி என்றால் இரவுதானே? ஆனால் இரவில் நாலு பேர் சிரித்தால் நாற்பது பேருக்குக் கேட்கும். அதனால் பகலிலேயே இரவை உண்டாக்குவது என்று தீர்மானித்தோம். எல்லா ஜன்னல்களையும் பூட்டி, மேலே பெட்ஷீட் தொங்கவிட்டு, குப்பி விளக்கை ஏற்றினோம். கல்முனை வெயிலில், பட்டப்பகலில், மூச்சுவிட ஒரு துவாரமும் இல்லாமல் சாத்திய வீடு, சாவு விழுந்த மௌத்து வீடா களவு வீடா என்று தெருவே நின்று பார்க்கும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மற்ற இருவரைச் சொல்லவேண்டும். ஒருவன் தையற்கடை ஹனீபா. ஊரில் பாதிப் பேருடைய சேர்ட்டும் அவன் கையால் தைத்தது. மற்றவன் யோகன். பாண்டிருப்புக்காரன், தபால் கந்தோரில் வேலை. எங்கள் நால்வரில் கள்ளு குடித்த அனுபவம் உள்ளவன் அவன் மட்டுமே. ஆகவே அவனைத் தொழில்நுட்ப ஆலோசகராக அழைத்திருந்தோம். ஒரு பொட்டலம் பொரித்த சூடைமீனோடு வந்திருந்தான்.

வீட்டில் பிரிஜ் இல்லை. டின்களை வாளியில் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கிக் குளிரவைத்தோம். முதல் இரண்டை மேலே இழுத்ததும், இது என்ன சாமான் என்று பார்க்க நான் எழுத்தை வாசித்தேன். நான் மதரசாவில் ஓதல் போட்டியில் பரிசு வாங்கியவன். மேலே கீழே குறிகள் இல்லாத எழுத்தாக இருந்தும் சமாளித்து, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, தொண்டையிலிருந்து எடுக்க வேண்டியதைத் தொண்டையிலிருந்தே எடுத்து வாசித்தேன்: “பிதூன்... குஹூல்.”

அரபு காதில் விழுந்ததும் ஹனீபா பழக்கதோஷத்தில் தலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

“என்ன கருத்து?” என்றான் யோகன்.

எங்களில் எவனுக்கும் தெரியாது. நாங்கள் அரபியைப் பார்த்து ஓதுவோம், மனப்பாடமாக ஓதுவோம். விளங்குவது வேறு ஆட்களின் வேலை என்று விட்டிருந்தோம். “கம்பனிர பேராயிரிக்கும்” என்று சொல்லிவைத்தேன்.

முதல் வாய் கசந்தது. பாண் துண்டைப் பார்லித் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி ஒரு சுவை. எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தோம். யோகன் கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, வெளிநாட்டுச் சாமான் முன்னால் தன் மானம் போகக்கூடாது என்ற கவலையோடு தீர்ப்புச் சொன்னான்: “மச்சான், இது மெள்ள ஏறுற சாதி. ஏறினாத்தான் தெரியும்.”

முதல் விளையாட்டு சீட்டு. நாங்கள் சின்ன வயதிலிருந்து ஆடும் முந்நூற்று நாலு. தோற்கிற சோடி ஒரு டின்னைப் பகிர்ந்து குடிக்க வேண்டும் என்பது ஜாபிரின் சட்டம். அவன் கேம்ப்பில் அது சரிவந்திருக்கலாம். இங்கே இருப்பதோ எட்டே டின். குடிப்பது தண்டனை என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே நாலு பேரும் உயிரைக் கொடுத்துத் தோற்கப் பார்த்தோம். கையில் நல்ல துரும்புச் சீட்டை வைத்துக்கொண்டு ஹனீபா குப்பைச் சீட்டை இறக்கினான். அதைப் பிடித்துவிடக்கூடாது என்று நான் அதைவிடக் குப்பையை இறக்கினேன். உலகத்திலேயே இவ்வளவு மோசமாக ஆடிய முந்நூற்று நாலு இருக்காது. கடைசியில், வென்றவன் குடிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினோம். உடனே எல்லோரும் களவு செய்யத் தொடங்கினார்கள்.

அடுத்தது எண் விளையாட்டு. வட்டமாக இருந்து எண்ண வேண்டும். ஏழு வந்தாலும் ஏழால் பிரிபடும் எண் வந்தாலும் வாய் திறக்காமல் கைதட்ட வேண்டும். கணக்கு வாத்தியாராகிய நான் இருபத்தொன்றில் தடுமாறினேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஏறிவிட்டது என்று. தலை சுற்றியது. (பூட்டிய வீடு, நாலு ஆம்பிளைகள், குப்பி விளக்குப் புகை, சென்ட். சுற்றாமல் என்ன செய்யும்?) யோகன் எழும்பி நிற்கச் சுவரைப் பிடித்தான். ஹனீபா திடீரென்று அழத் தொடங்கினான்.

“யோகன், என்ன மன்னிச்சிரு மச்சான். மூணு வருசமா உன்ட சேர்ட் ஒவ்வொண்டிலயும் கால் யார்டு துணி எடுத்திரிக்கன். அன்சார், உன்ட சாரத்திலயும்.”

“சாமான் கதைக்கிது” என்றான் ஜாபிர் திருப்தியோடு.

காலி டின்களை நான் நிலத்தில் வைக்கப்போனேன். கண்ணீருக்கு நடுவிலும் ஹனீபா பாய்ந்து என் கையைப் பிடித்தான். “டேய்! அரபு எழுத்துடா! கால் படும்!” ஆகவே ஒவ்வொரு காலி டின்னையும், எழுத்து முன்னால் தெரியும்படி, சுவரில் உயரத்தில் இருந்த தட்டில் மரியாதையாக வரிசை வைத்தோம். குடித்ததற்கான சாட்சியை இவ்வளவு அழகாக அடுக்கிவைத்த குற்றவாளிகளை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இரண்டு டின் மிச்சம். அதற்காகக் கடைசி விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் பிடித்துப் பார்த்து ஆளைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூச்சும் விடக்கூடாது, சத்தம் போட்டவனுக்கு டின் இல்லை. சட்டம் போட்டது நான்தான். உம்மாவின் சால்வையால் என் கண்ணைக் கட்டினார்கள். டின் எடுக்க யோகன் பின்பக்கக் குசினிக் கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போனான்.

அதற்குச் சற்று முன்பு முன்வாசலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நாள் குறித்துவிட்ட சந்தோசத்தில், ஓலைப்பெட்டி நிறையத் தொதலும் கொக்கிசுமாகப் பலகாரம் எடுத்துக்கொண்டு, அஸர் தொழுகை முடிந்த கையோடு மீராலெவ்வைப் போடியார் வந்திருந்தார். கூடவே ஜெஸீமாவின் தாய்மாமன், அரபு நாட்டில் ஏழு வருடம் ஓதித் திரும்பிய மௌலவி. மூன்று தரம் ஸலாம் சொல்லியும் கதவு திறக்கவில்லை. வீடு முழுக்கச் சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ அழுகிற சத்தம். மாப்பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பதறி, வளவைச் சுற்றிக் கிணற்றடிக்கு வந்தார்கள்.

“தம்பி, அன்சார் உள்ளுக்கா?”

யோகன் இரண்டு டின்னையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஓம்... பாடம் நடக்குது” என்றானாம்.

உள்ளே நான் ஜாபிரின் மூக்கைச் சரியாகச் சொல்லி முடித்து, கையை நீட்டிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடி வந்தேன். கையில் தாடி அகப்பட்டது.

“ஹனீபா, எப்படா தாடி வெச்சாய்? துணி வெட்டின மிச்ச நூல ஒட்டியிரிக்கியா?”

பதில் இல்லை. சட்டத்தை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். இன்னும் ஓரடி வைத்தேன். இந்த முறை மூக்கு. பெரிய மூக்கு. இரண்டு விரலால் பிடித்து அமத்திப் பார்த்தேன்.

“இதென்னடா, காம்பு கழட்டாத கத்தரிக்காய்!” இன்னொரு தரம் அமத்தினேன். “பிஞ்சுமில்ல, முத்தல். ஆர்ர மூக்குடா இது? மீராலெவ்வைப் போடியார்ர மூக்கு மாதிரியெல்லுவா இரிக்கி!”

சொல்லிவிட்டு நான் மட்டும் சிரித்தேன்.

“அவர்ர மூக்குத்தான், மகன்” என்றது மூக்கு.

அந்த விளையாட்டில் நான் சரியான விடைதான் சொல்லியிருந்தேன். பரிசு கேட்கும் மனநிலை இருக்கவில்லை.

சால்வையை இறக்கினேன். ஹனீபா ஜன்னலால் பாய்ந்து, பெட்ஷீட்டில் சிக்கி, பாதி உள்ளும் பாதி வெளியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான். ஜாபிர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான். குடித்தவனுக்குப் பொய் வராது என்று எங்கோ கேட்டிருந்தேன். அதனால் நானும் உண்மையையே பேசினேன்.

“மாமா, நான் குடிச்சிரிக்கன். ரெண்டு டின். இப்ப நான் கதைக்கல்ல மாமா, உள்ளுக்குப் போன சாமான் கதைக்கிது.”

போடியாரின் கண் மெதுவாக உயர்ந்து, தட்டில் வரிசையாக நின்ற ஆறு டின்களில் நிலைத்தது. என் நெஞ்சுக்குள் ஒரு குடை மடிந்து விழுந்தது. ஜெஸீமா போய்விட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

மௌலவி ஒரு டின்னை எடுத்தார். விளக்கருகே பிடித்து வாசித்தார். பிளாஸ்டரை உரித்துப் பார்த்தார். தாடிக்குள் ஏதோ நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

“இத வாசி” என்றார்.

“பிதூன் குஹூல்” என்று விம்மலுக்கு நடுவில் வாசித்தேன். அப்போதும் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினேன்.

“நல்லா வாசிக்கிறாய். கருத்துத் தெரியுமா?”

“தெரியா.”

“குஹூல் எண்டா மதுசாரம். பிதூன் எண்டா இல்லாம. மதுசாரம் இல்லாத பார்லித் தண்ணி இது. அங்க சின்னப் புள்ளயளும் குடிக்கும்.”

என் போதை அந்த இடத்திலேயே இறங்கியது. இறங்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் அவமானம்.

“அப்ப நான் ஏன் தள்ளாடின?” என்று குசினி வாசலில் நின்ற யோகன் உண்மையான கவலையோடு கேட்டான்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஹனீபாவின் பாதி அலறியது: “அப்ப நான் துணி எடுத்தத சும்மாவா செல்லிப்போட்டன்!”

போடியார் எதற்கும் சிரிக்கவில்லை. தன் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார். கீழே வைத்த ஓலைப்பெட்டியைத் திரும்பவும் எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“வாங்க மௌலவி, போவம். குடிச்சவனெண்டாத் தெளிஞ்சாப் பொறகு கதைக்கலாம். இவனோட எப்பக் கதைக்கிற?”

பதினொரு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உம்மா என்னோடு கதைக்கவில்லை. சோற்றை மட்டும் வைத்தார், அதுவும் சத்தமாக வைத்தார். பள்ளிவாசலில் மௌலவி என்னைத் தனியே அழைத்து, “நினைச்சதுக்கு அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய். செய்ததுக்கு வெக்கப்படு” என்றார். இரண்டையும் செய்தேன். இரண்டாவதை இன்றும் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கிடையில் தபால் கந்தோரில் யோகன் வாய் திறந்துவிட்டான். கடிதம் போன வீடெல்லாம் என் கதையும் போனது. திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் யாரோ பெரிதாக எழுதியிருந்தார்கள்: பிதூன் மாஸ்டர்.

பன்னிரண்டாம் நாள் மௌலவி வந்து நிக்காஹ் நாளைச் சொல்லிவிட்டுப் போனார். உம்மா அங்கேயே நிலத்தில் இருந்து அழுதார். எப்படி நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு ஜெஸீமாதான் சொன்னாள். சோறு தின்னும்போது தன் வாப்பாவிடம் அவள் கேட்டிருக்கிறாள்:

“வாப்பா, அவர் ஆரயும் அடிச்சாரா?”

“இல்ல.”

“தூசணம் கதைச்சாரா?”

“இல்ல. என்ட மூக்கப் புடிச்சான்.”

“வேற?”

“கத்தரிக்காயெண்டான்.” சோற்றைப் பிசைந்துகொண்டே, “முத்தலாம்” என்றாராம்.

மாமி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாராம். ஜெஸீமா மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: “சாராயத்துல ஆடுறவன் நாளைக்கும் சாராயம் தேடுவான் வாப்பா. இவருக்குப் பார்லித் தண்ணியே காணும். இவர வெச்சுப் பாக்கிறது லேசு.”

ஜாபிரைக் கலியாண வீட்டில் மூலையில் மடக்கிக் கேட்டேன். “தெரியும் மச்சான்” என்றான் கூசாமல். “பிளாஸ்டர் ஒட்டினதே அதுக்குத்தான். மறுகா உங்கட மூஞ்சில இரிந்த சந்தோசத்தக் கண்டாப் பொறகு செல்ல மனசு வரல்ல.” அவனை அடிக்க நினைத்தேன். மாப்பிள்ளை உடுப்பில் கை தூக்க முடியவில்லை. தைத்தவன் ஹனீபா. துணி காணாமல் இறுக்கிப் பிடித்தது.

ஜெஸீமா இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி தரும்போதெல்லாம் “பிதூன்” என்று சொல்லித்தான் தருகிறாள். ஆனால் மாமா மட்டும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவர் வீட்டில், அவர் பக்கத்தில் இருந்து சோறு தின்றேன். நிலவிரிப்பில் கத்தரிக்காய்க் கறி இருக்கும் நாட்களில் இருவரும் வேறு பக்கம் பார்ப்போம். அவர் மன்னித்தாரா, சகித்தாரா என்று எனக்குத் தெரியாமலே காலம் போனது. உள்ளுக்குள் அது எனக்கு எப்போதும் ஒரு வலிதான்.

பிறகு அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். நானும் ஜெஸீமாவும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனபோது இரண்டு கண்ணையும் கட்டியிருந்தது. ஜெஸீமா வாய் திறக்குமுன் கை காட்டி மறித்தார். அந்தக் கையை மெல்ல நீட்டி, காற்றில் துழாவி, என் மூக்கைக் கண்டுபிடித்தார். இரண்டு விரலால் பிடித்தார். ஒருமுறை அமத்தினார். இன்னொரு முறையும் அமத்தினார்.

“கத்தரிக்காய்” என்றார். “இப்ப இதும் முத்தல்தான்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜெஸீமா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். மாமாவின் வயிறு போர்வைக்கு அடியில் குலுங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த தாதி எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “என்ன, எல்லாரும் குடிச்சிட்டா வந்திருக்கிறீங்க?” என்று அதட்டினார்.

கண் கட்டியிருந்த மாமா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“இல்ல மகள்” என்றார். “எங்கட குடும்பமே பிதூன்தான்.”